பட்டினி கிடந்த அமீபாக்களும் பத்தொன்பது கடிதங்களும்

கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தால் கடைசித் துளிவரை கை நடுங்காத காரியக்காரரே! முயலின் காதை உள்ளங்கையால் தடவிச் சூடேற்றி, அது மிரண்டு ஓர் அடி நகர்வதற்குள் குருதி எடுத்து முடிக்கும் மென்கரத்தாரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஆய்வுக்கூடத்தின் கதவை முதல் ஆளாய்த் திறந்து, முணுமுணுத்துக்கொண்டே ஆனாலும் முழு வேலையையும் முடித்துவிட்டே சாவியைத் தொங்கவிட்டவரே! எங்கள் முதுநிலை ஆய்வகப் பணியாளரே! எல்லாருக்கும் வாய்நிறைய வரும் பெயரில் சொன்னால், எங்கள் முயல் அண்ணனே! வணங்குகிறோம்.

இத்தகைய மடல்களில் ‘தன்னலமற்ற தகைமையாளர்’, ‘இன்சொல் மாறா இனியவர்’ என்று எழுதுவது வழக்கம். சென்ற முறை ஓய்வு பெற்ற அலுவலக மேலாளருக்கு எழுதியதையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று கீழ்த்தளத்தில் யோசனை சொன்னார்கள். உங்களுக்கு அது பொருந்தாது. உங்கள் நீல மைப் பேனாவை யாராவது தொட்டால் மாடிவரை கேட்கும்படி கத்துகிற நீங்கள் இன்சொல்லர் அல்லர். முயல் கூண்டுக்குப் பக்கத்து நாற்காலியை முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத நீங்கள் தன்னலமற்றவரும் அல்லர். உங்களைப் பற்றி உண்மையை எழுதினாலே போதும். அதுவே ஊர் மெச்சும் அளவுக்கு இருக்கிறது.

அண்ணியாரும் பிள்ளைகளும் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ‘இத்தனை வருஷம் அப்படி என்னதான் செய்தார் இந்த மனுஷர்?’ என்று அவர்கள் எங்களைக் கேட்காமல் இருப்பது பெருந்தன்மை. அவர்களுக்காகச் சொல்கிறோம். அமீபா என்பது ஒரே செல்லால் ஆன உயிர். கையில்லை, காலில்லை, எலும்பில்லை. ஆனாலும் உருக்குலைந்து போகாமல் ஊர்ந்து போகிறது. கூடாரத்துக்குள் கம்பு நிற்பது போல அதற்குள் சில புரதங்கள் நின்று உடலைத் தாங்குகின்றன. அவற்றில் ஒன்றை எங்கள் கூடத்தில் ‘தூண்’ என்போம். தூணைத் தேடிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே? அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் தயாரித்து, பிரித்தெடுத்து, முயலுக்கு ஊசியாகப் போடுவோம். அதைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் முயலின் குருதியில் உண்டாகும். குருதியிலிருந்து பிரியும் தெளிந்த நீர்தான் சீரம். நல்ல சீரம் தூணை மட்டும் பிடிக்கும். தேடி வந்தவனை விட்டுவிட்டு வழியே போகிறவன் சட்டையைப் பிடிக்கிற காவலாளி யாருக்கு வேண்டும்?

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் எண் முயலிடமிருந்து நீங்கள் எடுத்த சீரம், தூணை மட்டுமே பிடிப்பதாக உலகம் நம்பியது. அதை ஒளிரும் பச்சைச் சாயத்தோடு சொட்டவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அமீபா விழுங்கிய உணவு கிடக்கும் பைகள் பச்சைப் பசேல் என்று ஒளிர்ந்தன. ‘அமீபா தன் உணவைச் சுற்றித் தூண்களை நட்டுக் கூடாரம் கட்டுகிறது’ என்று எங்கள் துறைத் தலைவர் எழுதினார். பாராட்டு குவிந்தது. பத்தொன்பது ஆய்வுக்கூடங்கள் சீரத்தைக் கேட்டு வாங்கின. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முகவரி எழுதி, அத்தனையையும் அனுப்பியவர் நீங்கள். மாடிப்படி ஏறும் இடத்தில் அந்தப் பச்சைப் படம் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டது.

பிறகு நடந்ததைக் கதையாகவே சொல்லப் போகிறோம். முகத்தைப் பார்த்துச் சொன்னால் ‘போதும் போதும்’ என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே, அண்ணன் என்று வேறு யாரையோ சொல்வதாக நினைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருங்கள்.

எங்கள் ஆய்வு மாணவிகளில் ஒருத்திக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவர் அண்ணன். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். அம்மா துணிக்கடையில் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றே வேலை செய்கிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவள். யாராவது ‘உனக்குத் தெரியாது’ என்றால் முதலில் மூக்கு சிவக்கும். அடுத்து வாய் திறக்கும். திறந்தால் எதிரே இருப்பவருக்கு அன்றைய பொழுது சரியில்லை என்று அர்த்தம்.

அமீபாவிலிருந்து தூணுக்கான மரபணுவையே நீக்கிவிட்டு, தூணில்லாத அமீபா எப்படித் தள்ளாடுகிறது என்று பார்ப்பது அவளுடைய ஆய்வு. நீக்கினாள். மரபணு இல்லையென்றால் தூண் இல்லை. தூண் இல்லையென்றால் சீரத்துக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. சீரம் எதையாவது பிடித்தால்தான் சோதனைத் தாளில் கறுப்புக் கோடு விழும்; இப்போது கோடு விழக் கூடாது. ஆனால் விழுந்தது. கன்னங்கரேல் என்று, ஒன்றுமே நடக்காதது போல விழுந்தது. மறுபடி நீக்கினாள். மறுபடி கோடு. மூன்றாம் முறையும் அதே கதை.

வாரக் கூட்டத்தில் தலைவர் கேட்டார். “நீக்கிட்டேன் நீக்கிட்டேன்னு சொல்றே. கோடு அங்கேயே உட்கார்ந்திருக்கு. எதைத்தாம்மா நீக்கினே?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இந்த மடலுக்குக் கீழே கையெழுத்திட்டிருப்பவர்களும் உண்டு. ஆய்வேடு கொடுக்க ஆறு மாதம்தான் இருந்தது. தவறினால் பதிவு ரத்து. நான்கு ஆண்டு உழைப்பு குப்பைக்கூடைக்கு.

“நான் நீக்கினது சரி சார்” என்றாள் பட்டாசு. “சீரம்தான் பொய் சொல்லுது.”

பின்வரிசையில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கினார். “என்ன சொன்னே?”

“சீரம் பொய் சொல்லுதுன்னு சொன்னேண்ணே.”

“நீ ரெட்டைச் சடை போட்டு ஸ்கூலுக்குப் போனப்போ எடுத்த சீரம் அது.”

“பழசுன்னா உண்மையாயிடுமா?”

“உனக்குச் செய்ய வரலைன்னா வரலைன்னு சொல்லு. என் முயல் மேல பழி போடாதே.”

“ஏன், உங்க முயல் சத்தியம் பண்ணிக் கொடுத்துச்சா?”

மறுநாள் காலை அண்ணன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். எந்த முயலுக்கும் ஊசி போடுமுன் கொஞ்சம் குருதி எடுத்துத் தனியே சேமித்து வைப்பது அவர் பழக்கம். ஏழாம் முயலின் அந்தப் பழைய சீரத்தை எடுத்து, அதே சோதனையை ஓட்டிப் பார்த்திருந்தார். தாள் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஊசிக்கு முன்னால் இந்த முயல் எதையும் பிடிக்கவில்லை. ஆகவே ஊசிக்குப் பிறகு பிடிப்பது தூணைத்தான். அப்படித்தான் அன்று எல்லாரும் நினைத்தோம்.

“பாரு. என் முயல் சுத்தம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு பதினேழு நாட்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி கழுவும் அக்காவைத் தபால்காரியாக்கினார்கள். “ஐஸ் பெட்டி அவருக்கு வேணுமாம்மா.” “எடுத்துக்கச் சொல்லுங்கக்கா.” “எடுத்துக்கலாமாம்யா.” “காது கேக்குதுன்னு சொல்லும்மா.” அக்கா ஒருநாள் ஈரக் கையை உதறிவிட்டு, “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு என் கழுத்து சுளுக்கிக்கிச்சு. என்னமோ பண்ணிக்குங்க” என்று வேலையை விட்டுவிட்டார். கழுவுகிற வேலையை அல்ல. தூது போகிற வேலையை.

அந்த நாட்களில்தான் அண்ணியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. அண்ணன் மூன்று நாள் விடுப்பு. அமீபாக்களுக்குத் திங்களும் வியாழனும் பாக்டீரியாவை உணவாக ஊற்றுவது அவர் பொறுப்பு. வாய் திறந்து சொல்ல மனமில்லாமல், ‘வியாழன் சாப்பாடு போடவும்’ என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். பட்டாசு அதைப் படித்தாள். ‘சொல்லிவிட்டுப் போக வாயில்லையா?’ என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு கடந்து போனாள். அவள் போடுவாள் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். அமீபாக்கள் ஐந்து கிண்ணங்களிலும் பட்டினி கிடந்தன.

திங்கட்கிழமை அண்ணன் கிண்ணங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தம்தான் பதினேழு நாள் மௌனத்தின் முடிவு.

“என் பிள்ளைங்களைப் பட்டினி போட்டுட்டியே!”

“நீங்க சொல்லிட்டுப் போயிருக்கணும்.”

“எழுதி ஒட்டினேனே!”

“கதவுக்குத்தானே ஒட்டினீங்க? கதவு போட்டிருக்கும்னு நினைச்சேன்.”

அவளுக்கும் உள்ளே உறுத்தல்தான். ஆனால் அன்று காலை சோதனைக்கு அவளுக்குக் கிடைத்தது அந்தப் பட்டினி அமீபாக்கள் மட்டுமே. சாதாரண அமீபா ஒரு வரிசையிலும், தூண் நீக்கிய அமீபா அடுத்த வரிசையிலுமாக ஏற்கெனவே ஓட்டியிருந்தாள். மதியம் தாள் வந்தது. இரண்டு வரிசையிலும் கோடு மங்கிப் போய், இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

“இதுவும் போச்சு” என்று குப்பைக்கூடையைக் காலால் இழுத்தாள். “பட்டினி கிடந்ததுல என்ன வரும்?”

அண்ணன் தாளை அவள் கையிலிருந்து வாங்கினார். சன்னல் பக்கம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“சாப்பிட்டா கறுக்குது. சாப்பிடலைன்னா வெளுக்குது. சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரியா தூண் கூடிக் குறையும்?”

“குறையலாம்ணே. யார் கண்டா?”

“சரி, சாதாரண அமீபாவுல குறையட்டும். உன்னோடதுல தூணே இல்லைங்கறியே. இல்லாதது எப்படிக் குறையும்?”

அவள் குப்பைக்கூடையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நாம அதுக்கு என்ன சாப்பாடு போடுறோம்?”

“பாக்டீரியா.”

“தூண் புரதத்தை எதுக்குள்ள வச்சுத் தயார் பண்ணி முயலுக்குப் போட்டோம்?”

பட்டாசு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இந்தக் கட்டடத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதே பாக்டீரியா.

அன்றே அண்ணன் ஒரு சோதனை ஓட்டினார். அதில் அமீபாவே கிடையாது. அமீபாவின் சாப்பாட்டை, அந்தப் பாக்டீரியாவை மட்டும், தன்னந்தனியாக ஒரு வரிசையில் ஏற்றினார். சாயங்காலம் தாளில் கோடு விழுந்தது. பதினொரு ஆண்டுகளில் இவ்வளவு கறுப்பான கோட்டை யாரும் பார்த்ததில்லை.

ஊசியில் போன புரதத்தோடு பாக்டீரியாவின் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன. முயல் அவற்றையும் சேர்த்தே அடையாளம் தெரிந்துகொண்டது. ஊசிக்கு முந்திய குருதிக்கு அவற்றைத் தெரியாது. அதனால்தான் அந்தத் தாள் வெளுத்திருந்தது. தாளில் ஒவ்வொரு புரதமும் தன் எடைக்கேற்ற இடத்தில்தான் கோடு போடும்; தூணின் எடையே உள்ள ஒரு பாக்டீரியாப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, சீரம் எல்லாரையும் ஏமாற்றி வந்தது. மாடிப்படியில் பச்சையாக ஒளிர்ந்தது கூடாரமும் இல்லை, தூணும் இல்லை. அமீபாவின் வயிற்றில் கிடந்த சாப்பாடு.

“நான் சொன்னேன்ல! சொன்னேன்ல!” என்று பட்டாசு குதித்தாள். குதித்துத் திரும்பியவள் அண்ணனின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“பத்தொன்பது இடத்துக்கு அனுப்பியிருக்கேன்ம்மா” என்றார். “எல்லாம் என் கையெழுத்து.”

அவள் ஜெயித்தது அந்த நொடியில் அவளுக்கே கசந்தது.

தலைவரின் அறையில் நடந்ததைத் தலைவரின் அனுமதியோடுதான் இங்கே வாசிக்கிறோம். தாளை இரண்டு முறை பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

“அண்ணே, இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு உங்களுக்கு. போற நேரத்துல பேரைக் கெடுத்துக்கணுமா? மாலை மரியாதையோட போங்க. அப்புறம் நாங்க மெதுவா வேற சீரத்துக்கு மாறிக்கிறோம்.”

“அப்போ என் ஆய்வேடு?” என்றாள் பட்டாசு.

“வேற தலைப்பு தர்றேன்மா.”

“நாலு வருஷம் சார்! துணி மாத்துற மாதிரி சொல்றீங்க!”

“கொஞ்சம் சத்தத்தைக் குறை. அண்ணனோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அண்ணன் அதுவரை நின்றுகொண்டிருந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“சார், உங்க பேரைக் காப்பாத்த என் பேரை எடுத்துப் போர்த்திக்காதீங்க. என் பேர் கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். இந்தப் பொண்ணு நீக்கினது சரி. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சிரிச்சோம். அது சரின்னு ஒரு வார்த்தை இன்னும் நீங்களும் சொல்லலை, நானும் சொல்லலை.”

“பதினோரு வருஷத்து வேலையை இடிச்சுத் தள்ளச் சொல்றீங்களா?”

“இல்லாத கூடாரத்தை என்ன சார் இடிக்கிறது?”

தலைவர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். சீரம் தவறு என்று வெளியே எழுதத் தன் கையெழுத்து கிடையாது என்றார்.

அந்த ஐந்து மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல். மற்றவர்கள் ஓய்வுக்கு முந்திய மாதங்களில் மிச்சமிருக்கும் விடுப்பை எடுப்பார்கள். இழுப்பறையைக் காலி செய்வார்கள். அண்ணன் பாக்டீரியாவை இடித்துக் கூழாக்கினார். அந்தக் கூழைச் சீரத்தில் கலந்து, கூழோடு ஒட்டியதையெல்லாம் வடித்து எறிந்தார். எதிராளியைக் காட்டிக் காட்டியே சீரத்திலிருந்த களைகளைப் பிடுங்குகிற வேலை அது. ஒரு தடவையில் போகவில்லை. நாலாம் தடவையிலும் பாக்டீரியா வரிசை கறுத்தது. ஆறாம் தடவை குழாய் உடைந்து மூன்று வார வேலை தரையில் போனது. பட்டாசு அழுதுவிட்டாள். “அழுதுட்டே துடை. கண்ணாடி குத்திடப் போகுது” என்றார். மறுநாள் இருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஒன்பதாம் தடவை பாக்டீரியா வரிசை வெளுத்தது. சாதாரண அமீபாவின் வரிசையில் தலைமுடி அளவுக்கு ஒரு மெல்லிய கோடு. அது தூண். அடுத்த வரிசையில், பட்டாசு மூன்று முறை நீக்கி மூன்று முறை திட்டு வாங்கிய அந்த அமீபாவில், ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. நுண்ணோக்கியில் பார்த்தால் உணவுப் பைகள் இருண்டு கிடந்தன. உடலின் வெளிவிளிம்பை ஒட்டி நூலாம்படை போல ஒரு வலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பழைய படம் போல அழகில்லை. உண்மை.

அன்று அண்ணன் பத்தொன்பது கடிதங்கள் எழுதினார். ‘நான் அனுப்பிய சீரம் தூணை மட்டும் பிடிக்கவில்லை, பாக்டீரியாவையும் பிடிக்கிறது. உங்கள் அமீபா பாக்டீரியாவைத் தின்பதாக இருந்தால் உங்கள் முடிவும் தவறாக இருக்கலாம். தயவுசெய்து பாக்டீரியாவைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். தவறு எங்களுடையது.’ ‘முயலுக்கு இதில் பங்கில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். பட்டாசு அதை அடித்தாள். அவர் மறுபடி எழுதினார். அவள் மறுபடி அடித்தாள்.

கடிதங்களையும் அந்தத் தாளையும் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு இருவரும் வாசலில் நின்றார்கள். தலைவர் தாளைக் கையில் எடுத்தார். வெறுமையாக இருந்த வரிசையில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, இருவரையும் தாண்டி மாடிப்படிக்குப் போய், அந்தப் பச்சைப் படத்தின் முன் நின்றார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ நீக்கினது சரிம்மா” என்றார். “கூட்டத்துலயும் சொல்றேன்.” பேனாவைத் திறந்தார். “எங்கே கையெழுத்து போடணும்?”

“பத்தொன்பதுலயும் சார்” என்றார் அண்ணன்.

அண்ணனே! அவையில் வேறு யாரையோ சொல்வதாக நினைத்து உட்கார்ந்திருந்தது போதும். பத்தொன்பதில் பன்னிரண்டு பேர் பதில் எழுதினார்கள். மூவர் திட்டினார்கள், திட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. ஐவர், தங்கள் முடிவுகள் ஏன் ஒத்துவரவில்லை என்று ஆண்டுக் கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நால்வர், சுத்தம் செய்த சீரம் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். திருத்தக் கட்டுரை அச்சாகிவிட்டது. போன வாரம் ஓர் ஆய்வேடு இந்தக் கூடத்திலிருந்து போனது; அதன் முதல் அத்தியாயமே பட்டினி கிடந்த ஐந்து கிண்ணங்களைப் பற்றியது. அதைக் கொடுத்தவளின் அப்பா அன்று லாரியைப் பல்கலைக்கழக வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். காவலாளி சத்தம் போட்டதும் இவள் அவரோடு சண்டைக்குப் போனதும் வேறு கதை.

நாங்கள் உங்கள் முன்னிலையில் ஓர் உறுதி ஏற்கிறோம். இந்த அறையில் ஓடும் எந்தச் சோதனையிலும் இனி முதல் வரிசை, அமீபா தின்னும் உணவுக்கே. அதை ஓட்டிப் பார்த்து, அது வெளுக்கும்வரை, எந்தச் சீரமும் இந்தக் கதவைத் தாண்டாது. அவசரம் என்று தலைவரே சொன்னாலும் தாண்டாது. அவர் இதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டிருக்கிறார். யார் எதை நீக்கினேன் என்று வந்து சொன்னாலும், சிரிப்பதற்கு முன் சோதித்துப் பார்ப்போம்.

இந்த மடலை உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுவீர்கள். வருகிறவர்கள் படித்துவிட்டு, “என்னங்க இது, தப்புப் பண்ணினதுக்கா பாராட்டு குடுத்திருக்காங்க?” என்று கேட்பார்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “ஆமா. தப்புன்னு தெரிஞ்சதும் பத்தொன்பது பேருக்கும் நானே எழுதிச் சொன்னேன்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்கள் கேட்டால், அண்ணியார் பார்த்துக்கொள்வார்.

கண்ணும் கையும் தெளிவாக, காலும் மூச்சும் திடமாக, கத்துகிற குரல் கொஞ்சமும் குறையாமல், பிள்ளைகளோடும் பேரப் பிள்ளைகளோடும் நீங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும் என்று நெஞ்சார விரும்பி, நிமிர்ந்த தலையோடு உங்களை வழியனுப்புகிறோம்.

உங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய,
துறைத் தலைவர்,
ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், அலுவலகத்தார்,
கண்ணாடி கழுவும் அக்கா,
மற்றும் பட்டாசு.